மைமூனாவின் கண் நின்ற இடம்

நான் வண்டி ஓட்டுகிறவன், மைமூனா பேசுகிறவள். கேப் டவுனிலிருந்து கடலோரமாகவே தெற்கு முனைவரை போய், பென்குயின், கடல்நாய், தீக்கோழி, குரங்கு என்று வழியில் உள்ள ஜீவராசிகளையெல்லாம் காட்டிவிட்டு, சாயங்காலம் ஆட்களை ஓட்டல் வாசலில் இறக்கிவிடுகிற வண்டி எங்களுடையது. பல வருடமாக அதே பாதை, அதே வளைவுகள், அதே நகைச்சுவை. மீன்பிடித் துறைமுகம் வந்ததும் அவள் என்ன சொல்வாள், அதற்கு எந்த வரிசைக்காரர் முதலில் சிரிப்பார் என்பதுகூட எனக்கு அத்துப்படி. அந்த நகைச்சுவை முதலில் எனக்கு அலுத்தது, பிறகு அவளுக்கும் அலுத்தது. கேட்கிறவர்கள் மட்டும் தினமும் புதிது என்பதால் பிழைப்பு ஓடுகிறது.

ஆள் குட்டை. கம்பெனி கொடுத்த நீல ஜாக்கெட் அவளுக்கு முழங்காலைத் தொடும். குரல் இனிமையான குரல் என்று சொல்ல முடியாது, மீன் ஏலம் போடுகிற குரல். அவளிடம் இருந்த சொத்து கண்தான். திமிங்கிலம் எங்கோ தூரத்தில் மூச்சு விட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும். ஓட்டும்போது நான் கடலைப் பார்ப்பதில்லை, தலைக்கு மேல் மாட்டிய சின்னக் கண்ணாடியில் அவள் முகத்தைத்தான் பார்ப்பேன். பேசிக்கொண்டே இருப்பாள், கண் மட்டும் தண்ணீர்மேல் அலைந்தபடி இருக்கும். அது ஓரிடத்தில் நின்றதென்றால் அவள் வாய் திறக்கும் முன்பே என் கால் பிரேக்குக்குப் போய்விடும். அவள் கண் நின்ற இடத்தில் ஏதாவது இல்லாமல் இருந்ததே இல்லை.

அன்றைக்கு நோன்பு இருபத்தொன்பது. சாயங்காலம் பிறை தெரிந்தால் மறுநாள் வியாழன் பெருநாள். தெரியாவிட்டால் முப்பதையும் நிறைவு செய்து வெள்ளிக்கிழமை பெருநாள். எங்கள் ஊரில் கணக்குப் பார்த்துச் சொல்கிற பேச்சே கிடையாது. கடற்கரையில் போய் நின்று வெறும் கண்ணால் பார்த்தால்தான் பிறை. உலகமே எங்களைப் பார்த்துச் சிரித்தாலும் இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் அசைய மாட்டோம். இது ஆபீஸில் இருக்கிற ஷார்லீனுக்குப் புரியவே புரியாது. நோன்பு தொடங்கிய வாரத்திலேயே எங்களைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"உங்க பெருநாள் எந்தத் தேதி? லீவு போடணும்ல?"

"வியாழன், இல்லாட்டி வெள்ளி" என்றேன்.

"ரெண்டுல எது?"

"பிறை பாத்தாத்தான் தெரியும்."

"சாலி, ரெண்டு நாளும் கப்பல்ல வர்ற கூட்டம் இருக்கு. ரெண்டு பேரையும் சேத்து விட முடியாது. ஆளுக்கு ஒரு நாள் எடுத்துக்கோங்க. இப்பவே சொல்லுங்க."

பிறையை முன்கூட்டியே சொல்லச் சொன்னால் நாங்கள் எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் வியாழன் என்றேன், மைமூனா வெள்ளி என்றாள். வேறு எந்த ஊர்க்காரனும் இப்படி ஒரு முட்டாள்தனம் செய்யமாட்டான். வானம் முடிவு செய்ய வேண்டியதை நாங்கள் இரண்டு பேரும் ஆபீஸ் மேசையில் பங்கு போட்டுக்கொண்டோம்.

அவள் வெள்ளி கேட்டதற்குக் காரணம் இருந்தது. மகள் நூரான் லண்டனில் ஆஸ்பத்திரி நர்ஸ். ஊர்ப்பக்கம் வந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. அவளுக்குக் கிடைத்த டிக்கெட்டில் வழியில் காத்திருந்து விமானம் மாறி, வியாழன் ராத்திரிதான் வந்து இறங்க முடியும். வெள்ளிக்கிழமை பெருநாளாக இருந்தால் அம்மாவும் மகளும் சேர்ந்து இருக்கலாம். இல்லையென்றால் பெருநாளன்று மகள் ஆகாயத்தில், அம்மா டூரிஸ்ட் வண்டியில். அதற்கப்புறம் வருகிற வெள்ளிக்கிழமை வெறும் வெள்ளிக்கிழமை.

அன்று காலையில் வண்டியைத் துடைக்கும்போதே நான் வம்பை ஆரம்பித்தேன்.

"இன்னிக்குப் பிறை உறுதி, மைமூனா. எங்க வீட்ல நேத்தே கறிய மசாலாவுல ஊறப்போட்டாச்சு."

"வானத்தப் பாத்தீங்களா பூட்டா? அடிப்புடிச்ச சட்டி மாதிரி கெடக்கு. முப்பதும் புடிச்சிட்டுத்தான் விடுவீங்க. கறி நல்லா ஊறட்டும்."

பூட்டா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். என்னை மதித்து யாராவது கூப்பிடுகிறார்கள் என்றால் அவள் ஒருத்திதான். அதுவும் திட்டும்போது.

ஜூலை மாதக் குளிர். மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. வழக்கமாக மேற்குக் கடலோரமாகப் போய்க் கிழக்குக் கரை வழியாகத் திரும்புவோம். அன்று காலையில் சாப்மன்ஸ் பீக் சாலையில் மலையிலிருந்து கல் விழுந்து அடைத்துவிட்டார்கள். ஆகவே எதிர்த்திசையில் சுற்ற வேண்டியதாயிற்று. நகைச்சுவைகளையெல்லாம் மைமூனா பின்னாலிருந்து முன்னால் சொல்லிக்கொண்டு வந்தாள். அதற்கும் சிரித்தார்கள்.

சைமன்ஸ் டவுனில் பென்குயின் பார்க்க இறங்கினோம். மழையில் அந்தப் பறவைகள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. நம் ஆட்கள் குடையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரமாக அந்த முதுகுகளையே படம் எடுத்தார்கள். மைமூனா பிறந்தது அந்தத் தெருவுக்கு மேலே உள்ள மேட்டில்தான். அவள் சிறுமியாக இருக்கும்போது, இந்த ஊர் இனி வெள்ளையருக்கு மட்டும் என்று சட்டம் போட்டு, அவர்கள் குடும்பத்தையும் பள்ளிவாசல் தெருவில் இருந்த மற்றவர்களையும் சாமான்களோடு லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மைக்கில் அவள் இதைச் சொல்ல மாட்டாள். விடுமுறைக்கு வந்தவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வதைப் பார்க்கத் தெம்பில்லை என்பாள். ஒரே ஒரு தடவை என்னிடம் மட்டும் சொன்னாள்.

"எங்கள அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் இதுங்க வந்து குடியேறிச்சு. இதுங்களுக்கு மட்டும் வேலி போட்டு, காவல் போட்டு, பலகையில பேரும் எழுதி வெச்சிருக்காங்க."

அதைச் சொல்லிவிட்டு ஒரு பென்குயினை வெகுநேரம் முறைத்தாள். அதுவும் பதிலுக்கு முறைத்தது.

நோன்பு வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பேசுவதென்றால் சும்மா இல்லை. குளிர்காலத்து நோன்பு சின்ன நோன்பு, எங்களைப் போல வாயை மூடிக்கொண்டு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை. அவளுக்கு மத்தியானத்துக்குள் தொண்டை காய்ந்து குரல் கரகரக்கும். இந்த வருடம் அதோடு இன்னொரு களைப்பும் சேர்ந்திருந்தது. பிப்ரவரியில் அவள் கணவன் காலிப் மவுத்தாகிவிட்டான். சின்ன லாரியில் மீனை அடுக்கி, ஊதுகுழலை ஊதிக்கொண்டு தெருத்தெருவாக விற்றவன். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், அன்று சாயங்காலமே அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்துவிட்டோம். எங்கள் வழக்கம் அதுதான், அடக்கத்துக்கு யாருக்காகவும் காத்திருப்பதில்லை. நூரான் லண்டனில் வார்டுக்கு வெளியே நின்று போனில் அந்த ஓதுதலைக் கேட்டாள். மைமூனா, கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கிற நாலு மாதம் பத்து நாள் இத்தாவை முடித்துவிட்டு, நோன்புக்குக் கொஞ்சம் முன்புதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். ஜாக்கெட் இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

பென்குயினை விட்டுத் தெற்கே போகும்போது கண்ணாடியில் அவள் கண் நின்றது. நான் வண்டியை ஓரம் கட்டினேன். கரையோடு ஒட்டி ஒரு திமிங்கிலம், கூடவே குட்டி. எல்லோரும் இறங்கி ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். கூட்டத்தில் பெல்ஜியத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர், மனைவி கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி வந்தார். மைமூனா காட்டினாள். அவர் உடனே தலையை ஆட்டினார்.

"பாத்துட்டேன், பாத்துட்டேன். ரொம்ப அழகு."

"இல்லீங்க. நீங்க இன்னும் பாக்கல" என்றாள் மைமூனா.

பெரியவர் முகம் அசடு வழிந்தது. மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"உங்க கண்ணு இன்னும் அலைஞ்சிட்டிருக்கு. பாத்திருந்தா நின்னுருக்கும். இப்ப நான் சொல்றபடி செய்யுங்க. கைய நீட்டுங்க. அந்தக் கருப்புப் பாறைய விரலால மறைங்க. அங்கேர்ந்து இடது பக்கம் ரெண்டு விரல். கொஞ்சம் கீழ. அவசரப்படாதீங்க, அது எங்கயும் ஓடாது."

நேரம் போய்க்கொண்டே இருந்தது. மற்றவர்கள் நனைந்து திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு எரிச்சல். பார்த்துவிட்டேன் என்று அவரே சொல்லும்போது விட்டுத் தொலைக்க வேண்டியதுதானே. அவள் விடவில்லை. கடைசியில் பெரியவரின் தலை நின்றது, வாய் தானாகத் திறந்தது. இந்தத் தடவை அவர் ஒன்றும் சொல்லவில்லை. மைமூனா அவர் கையை மெல்லத் தட்டிவிட்டு வண்டியில் ஏறினாள்.

"ஏன் இப்படி உசுர வாங்கற? அவரே பாத்தேன்னு சொல்லிட்டாரு" என்றேன்.

"மரியாதைக்குச் சொன்னாரு. பாக்காதத பாத்தேன்னு சொல்ல வெச்சு அனுப்பிட்டா, அது நான் திருடின மாதிரி. எத்தனை பேரு கண்ணப் பாத்திருக்கேன் பூட்டா. பொய் எனக்கு உடனே தெரிஞ்சிடும்."

மத்தியானம் முனையில் ஆட்கள் எல்லோரும் ஓட்டலுக்குள் மீன் சாப்பிடப் போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் வண்டிக்குள் உட்கார்ந்து, வெளியே ஒரு குரங்கு குப்பைத் தொட்டியில் தலையை விட்டுக் கிளறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தேய்த்துக்கொண்டாள்.

"பூட்டா, ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"காலைலேர்ந்து பிறை தெரியக் கூடாதுன்னு துஆ கேட்டுட்டிருக்கேன். நோன்பு வெச்ச வாயால."

எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துவிட்டேன்.

"ஊரே பிறைக்கு ஏங்குது, நீ மேகத்துக்கு ஏங்கறியா? உன் துஆவுக்கும் என் துஆவுக்கும் மேல பெரிய சண்டையே நடந்திட்டிருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. குரங்கைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அவரு போனப்புறம் வர்ற மொதப் பெருநாள். பெருநாள் காலைல கபர்ஸ்தானுக்குப் போவோம்ல, எல்லாரும் குடும்பத்தோட நிப்பாங்க. நான் மட்டும் தனியா அந்த மண்ணு முன்னாடி எப்படி நிப்பேன். நூரான் வாப்பா மொகத்தக் கடைசியாக்கூடப் பாக்கல. அவ கையப் புடிச்சுக்கிட்டு நின்னா நான் நின்னுருவேன். வேற ஒண்ணும் கேக்கல. ஒரே ஒரு நாள் மேகம் கேக்கறேன்."

 காலையில் கறியைப் பற்றிப் பேசியது உறுத்தியது. அப்படியென்றால் மேகமே இருந்துவிட்டுப் போகட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வெளியே சொல்லவில்லை. நான் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை.

சாப்பாடு முடிகிற நேரத்தில் ஆபீஸிலிருந்து போன் வந்தது. சாப்மன்ஸ் பீக் சாலையைத் திறந்துவிட்டார்கள், ஆனால் ஒரு சமயத்தில் ஒரு பக்க வண்டிகளைத்தான் விடுகிறார்கள், காத்திருக்க வேண்டும் என்றார்கள்.

"உள்பக்க ரோட்டுலயே போயிடலாமே. சீக்கிரம் வீடு போய்ச் சேரலாம்" என்றாள் மைமூனா. அந்த ரோட்டில் போனால் மலை மறைத்துக்கொள்ளும், மேற்கு வானமே தெரியாது. அவள் ஏன் அதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும்.

"போயிடலாம்" என்றேன்.

 பெல்ஜியம் பெரியவர் ஓட்டலிலிருந்து வெளியே வந்து, மேற்குக் கடல் பக்கம் கையைக் காட்டி மனைவியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"வேணாம் பூட்டா. இவங்க அந்த ரோட்டப் பாக்கத்தான் வந்திருக்காங்க. அதுலயே போங்க."

மேற்குக் கரையில் ஏறி, மலையைக் குடைந்து போட்ட அந்தச் சாலையில் நாங்கள் சேரும்போது வெளிச்சம் மங்கிவிட்டது. மேட்டில் கடலைப் பார்த்த வளைவு ஒன்றில் தடுப்பைப் போட்டு வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். தடுப்புக்காரன் இக்ஸான், எங்கள் பகுதிப் பையன்தான், கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். மஞ்சள் மழைக்கோட்டு, கையில் ஃபிளாஸ்க்.

"ஆன்ட்டி, பூட்டா சாலி, எறங்குங்க. எதிர்ப்பக்கம் வண்டி வர இன்னும் நேரமாகும். பாங்கு சொல்லப் போறாங்க, எங்கிட்ட பேரீச்சம்பழம் இருக்கு."

வண்டியில் வந்தவர்கள் சுவரோரமாகப் போய் நின்று படம் எடுத்தார்கள். கீழே அலை பாறையில் மோதிக்கொண்டிருந்தது. மேற்கே கடலுக்கு மேல் மேகம் ஒரே பாளமாகக் கிடந்தது. வண்டியின் வானொலியில் பாங்கு ஒலித்ததும் நாங்கள் மூன்று பேரும் நோன்பு திறந்தோம். மைமூனா ஒரு பேரீச்சம்பழத்தை வெகுநேரம் மென்றாள். தண்ணீரைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடினாள்.

பாங்குக்குப் பிறகு வானொலியில் ஆள் பேசினார். நகரத்துக் கடற்கரையில் பிறை பார்க்கப் போனவர்கள் மழையில் குடையோடு நிற்கிறார்களாம். மேகம் விலகவில்லை, இதுவரை எங்கிருந்தும் தகவல் இல்லை என்றார்.

"அவ்வளவுதான். நாளைக்கும் நோன்பு" என்றான் இக்ஸான் வருத்தத்தோடு. "என் பிள்ளைங்க புதுத் துணியப் போட்டுக்கிட்டு வாசல்ல நிக்குதுங்க."

 மைமூனாவின் தோள் இறங்கியது. பிப்ரவரிக்குப் பிறகு அவள் முகத்தில் நான் அப்படி ஒரு தெளிவைப் பார்க்கவில்லை. ஃபிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டு, பழக்கதோஷத்தில் கடலைப் பார்க்கத் திரும்பினாள்.

அவள் கண் நின்றது.

என் வலது கால் தரையில் இல்லாத பிரேக்கைத் தேடியது. அவள் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் மொட்டையாக நிற்கிற பெரிய பாறைக்கு மேலே மேகத்தில் ஒரு கிழிசல். அதற்குள் வானம் வெளிறியிருந்தது. அங்கே, நகத்தை வெட்டிப் போட்டது போல, பிறை. மெலிந்து, மல்லாந்து கிடந்தது. நான் உடனே பார்வையைத் தேநீருக்குத் திருப்பிக்கொண்டேன்.

அவள் அசையவில்லை. கப்பிலிருந்து ஆவி மேலே போய்க்கொண்டிருந்தது. இக்ஸான் தடுப்புப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். வேறு யாரும் பார்க்கவில்லை. பெருநாள் பிறைக்கு எங்கள் வழக்கப்படி இரண்டு ஆண்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். அவள் ஒருத்தி பார்த்தது கணக்கில் சேராது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், கொஞ்ச நேரத்தில் கிழிசல் மூடிவிடும், மகள் வருவாள், வெள்ளிக்கிழமை பெருநாள். அவளைக் கேட்க ஒருத்தரும் இல்லை. வாயை மூடிக்கொள்ளம்மா என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

மைமூனா கப்பைச் சுவரில் வைத்தாள்.

"இக்ஸான், இங்க வா."

"என்ன ஆன்ட்டி?"

"கைய நீட்டு. அந்த மொட்டைப் பாறைய முஷ்டியால மறை. அங்கேர்ந்து மேல ஒரு கை. இடது பக்கம் ரெண்டு விரல்."

"எனக்கு மேகந்தான் தெரியுது."

"அவசரப்படாத. மேகத்துல ஒரு கிழிசல் இருக்கு பாரு. அதோட கீழ் ஓரம். தேடாத, சும்மா பாரு."

காலையில் திமிங்கிலத்தைக் காட்டிய அதே குரல், அதே வார்த்தைகள். கரகரத்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். இக்ஸானின் தலை நின்றது. சத்தமே வராமல் உதடு மட்டும் அசைந்தது. பிறகு ஓதத் தொடங்கினான்.

"பூட்டா, நீங்க" என்றாள்.

நான் எழுந்து போய் அவள் பக்கத்தில் நின்றேன். கையை நீட்டினேன். பாறையை மறைத்தேன். அவள் சொன்ன இடத்தை விட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தேன்.

"ஒண்ணும் தெரியல" என்றேன்.

"ரெண்டு விரல் இடது பக்கம்."

"தெரியல மைமூனா. எனக்கு வயசாயிடுச்சு. மேகம் வேற."

"பூட்டா."

"தெரியலன்னா தெரியலதான். என்னை என்ன பண்ணச் சொல்ற?"

அவள் கடலை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருடமாக ஊர் பேர் தெரியாத ஆட்களின் கண்ணைப் படித்தவள். நான் என்ன, அந்தப் பெல்ஜியம் பெரியவரை விடக் கெட்டிக்காரனா?

"நான் காட்டறதுக்கு முன்னாடியே நீங்க பாத்துட்டீங்க" என்றாள் மெதுவாக. "உங்க கண்ணு அந்த ஒரு எடத்த மட்டும் தாண்டித் தாண்டிப் போகுது. தெரியாதவன் கண்ணு அப்படிப் போகாது."

நான் நீட்டிய கையை இறக்கினேன்.

"எனக்காகப் பொய் சொல்லாதீங்க. நாளைக்கு இந்த ஊரு பூரா பெருநாள் அன்னிக்கு நோன்பு புடிக்கும், அது ஹராம். அத நான் ஒருத்தி செமந்துட்டு நூரான் கையப் புடிச்சு அவரு முன்னாடி நிக்க முடியுமா? அவரு சிரிப்பாரு என்னப் பாத்து." மூக்கை ஜாக்கெட் கையில் துடைத்துக்கொண்டாள். "பாருங்க. சீக்கிரம் பாருங்க. மூடப் போகுது."

நான் பார்த்தேன். ஒழுங்காக, நேராகப் பார்த்தேன். பார்த்தேன் என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

இக்ஸான் போன் போட்டான். அந்தப் பக்கத்திலிருந்து மவுலவி ஒருவர் எங்கள் இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்டார். எங்கே நிற்கிறீர்கள், பிறை எவ்வளவு உயரம், கொம்பு எந்தப் பக்கம் பார்த்தது, கண்ணாடி போட்டிருந்தீர்களா. நான் பதில் சொல்லும்போது மைமூனா தள்ளிப் போய் மகளுக்குப் போன் செய்தாள். நூரான் லண்டன் விமான நிலையத்தில் இருந்தாள்.

"நாளைக்குத்தான், மகளே. ஆமா. நாந்தான் பாத்தேன்." பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "அழாத. மேல பறக்கும்போது தொழுதுக்கோ. அங்க இன்னும் கிட்டத்துல இருப்ப."

தடுப்பைத் தூக்கினார்கள். வண்டி ஏறியதும் பெல்ஜியம் பெரியவர் முன்னால் வந்து, வெளியே எல்லோரும் எதைப் பார்த்தீர்கள் என்று கேட்டார். மைமூனா மைக்கை எடுத்தாள். இன்றைக்குத் திமிங்கிலம் பார்த்தோம், பென்குயின் பார்த்தோம், தீக்கோழி பார்த்தோம், கடைசியாக எங்கள் பெருநாள் பிறையைப் பார்த்தோம் என்றாள். நல்ல செய்திதானே என்று பெரியவர் கேட்டார். ஆமாம், நல்ல செய்தி என்றாள். வண்டி முழுக்கக் கை தட்டினார்கள். அவள் நன்றி சொல்லிவிட்டு மைக்கை வைத்தாள். வேலைக்கு வந்தபிறகு அன்றைக்குத்தான் கடைசி வளைவின் நகைச்சுவையை அவள் சொல்லாமல் விட்டாள்.

நகரத்துக்குள் நுழையும்போது வானொலி அறிவித்துவிட்டது. கார்கள் ஹாரன் அடித்தன. பெண்கள் வாசலில் நின்று ஒருவரையொருவர் கூப்பிட்டார்கள். எல்லோரையும் இறக்கிவிட்ட பிறகு நான் சொன்னேன்.

"ஷார்லீன்கிட்டப் பேசறேன். நாளைக்கு நான் வர்றேன், உனக்கு லீவு குடுக்கச் சொல்றேன்."

"நீங்க வந்து? ஓட்டுவீங்க. யாரு பேசுவா? பென்குயின் என்ன தின்னும்னு கேட்டா, போய் அதுகிட்டயே கேளுன்னு சொல்லுவீங்க." செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். "ஈத் முபாரக் பூட்டா. கறி நல்லா ஊறியிருக்கும். போங்க."

மறுநாள் பெருநாள் தொழுகை முடிந்ததும் என் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் கபர்ஸ்தானுக்குப் போனேன். கூட்டம் நிறைந்திருந்தது. புதுத் தொப்பி போட்ட பொடியன்கள் வாப்பா கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காலிபின் கபரில் யாரும் இருக்கமாட்டார்கள், நானாவது நிற்கலாம் என்று நினைத்து, வழக்கப்படி மண்ணில் ஊற்ற ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோயிருந்தேன்.

மண் ஏற்கெனவே ஈரமாக இருந்தது. ராத்திரி மழை விட்டுக் காற்று அடித்ததில் பக்கத்துக் கபர்களின் மேல்மண்ணெல்லாம் காய்ந்து கிடந்தது. தலைமாட்டில் பூ தூவியிருந்தது. கபர்ஸ்தான் காவலாளி கிட்டே வந்தார்.

"விடியறதுக்கு முன்னாடி ஒரு பொம்பள வந்துச்சு. நீல ஜாக்கெட். தனியாத்தான் நின்னுச்சு, ரொம்ப நேரம். அப்புறம் வேலைக்கு நேரமாச்சுன்னு போயிடுச்சு."

நான் கொண்டுபோன தண்ணீரையும் ஊற்றிவிட்டு, கையை ஏந்தி ஓதினேன். அந்த நேரத்துக்கு அவள் கப்பல் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு முதல் வளைவைத் தாண்டியிருப்பாள்.

இடது பக்கம் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.